வியாழக்கிழமை மூன்று மணித்தியாலம்

போன தபசு காலத்தில், பெரிய வெள்ளிக்கு முந்திய நாட்களில், எங்கள் கோவில் மண்டபத்தில் ஒரு நாள் தியானம் வைத்தார்கள். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்க்கிறவர்களுக்கென்று அதை ஒழுங்கு செய்திருந்தார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். நான் எழும்பி நின்று, "கடவுள் பலம் தருவார்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். அது பொய்யில்லை. ஆனால் நான் சொல்ல நினைத்து வந்தது அதுவல்ல. அங்கே இருந்த பெண்களின் முகங்களைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. ஊர் தலைமன்னார். என் கணவர் சூசைதாசன் நண்டு வலைக்குப் போய்வந்தவர். அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. ஒரே மகள் அனுஷா உயிலங்குளத்தில் கலியாணம் முடித்து இருக்கிறாள்.

எல்லாம் தொடங்கின அன்று காலை எட்டு மணிக்கு அவர் கடலால் வந்தார். தேத்தண்ணிக் கோப்பையை வலக்கையால் தூக்கினார். கோப்பை நழுவி விழுந்து உடைந்தது.

"கை மரக்கட்டை மாதிரிக் கிடக்கு, பிலோமி."

"விடிய விடிய ஈரத்துக்குள்ள வலை இழுத்தா வேற எப்பிடி இருக்கும்? போய்ப் படுங்கோ."

அவர் போய்ப் படுத்தார். நான் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டு வலையில் நண்டு கழற்றப் போனேன். இரண்டு மணிக்குச் சோறு போட்டுவிட்டு எழுப்பினால், வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது பக்கம் முழுவதும் அசைவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஓட்டோவில் ஏற்றி, பிறகு அம்புலன்சில் மாற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நாலு மணி தாண்டிவிட்டது. தலையைப் படம் எடுத்தார்கள். ஒரு இளம் வைத்தியர், பெண்பிள்ளை, என்னிடம் வந்து கேட்டா.

"கடைசியா எத்தினை மணிக்கு அவர் சரியா இருந்தவர், அம்மா?"

"எட்டு மணிக்குக் கோப்பை விழுந்தது."

அவ சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் பேனையை மூடினா. பிறகு எனக்கு விளங்கும்படி சொன்னா. மூளைக்குப் போகிற இரத்தக் குழாய் ஒன்றில் கட்டி அடைத்திருக்கிறது. அடைத்த இடத்துக்கு அப்பால் இரத்தம் போகாது, அந்தப் பகுதி செத்துப்போகும். அவருக்கு இடது பக்க மூளையில் அடைத்திருக்கிறது, வலக்கையும் வலக்காலும் பேச்சும் அங்கேதான் இருக்கின்றன. கட்டியைக் கரைக்க ஒரு ஊசி உண்டு. ஆனால் நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும்.

"இப்பப் போட்டா இரத்தம் கசிஞ்சு இன்னும் மோசமாகும். போட ஏலாது, அம்மா."

ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. கணக்கை நானேதான் பார்த்தேன். எட்டும் நாலரையும் பன்னிரண்டரை. பன்னிரண்டரைக்கு நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். உள்ளே அவர் குறட்டை விட்டது கேட்டது. பாவம், நல்லா நித்திரை கொள்ளட்டும் என்று நினைத்தேன். அந்தக் குறட்டைச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

அவரை ஆண்கள் வாட்டில் போட்டார்கள். பார்வையாளர் நேரம் தவிர மற்ற நேரத்தில் துணைக்கு ஆம்பிளை ஆள்தான் நிற்கலாம். எனக்கு மகன் இல்லை. மருமகனுக்கு வயல் வெட்டுக் காலம். நான் வெளியே மர வாங்கில் இருந்து, கதவு திறக்கும் போதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு முதியவர் கிடந்தார். ஈரல் பழுதாகி வயிறு ஊதியிருந்தது. அவரைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவருடைய மகன் கலீல், அரிப்பு என்ற ஊர்ப் பக்கத்து மீனவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். இரண்டாம் நாள் அவர் வெளியே வந்தார்.

"அக்கா, உங்கட அவருக்குத் துணி மாத்த வேணும். நேர்ஸ்மார் ரெண்டு பேர்தான் நிக்கினம். நான் மாத்தட்டோ?"

"வேண்டாம் தம்பி. அது சரியில்லை."

"வாப்பாவுக்குச் செய்யிறன்தானே. ரெண்டு பேருக்குச் செய்தா என்ன குறைஞ்சிடும்?"

ஏழு நாள் அவர் அதைச் செய்தார். என் கணவர் தன் காய்ச்சலைக்கூட என்னிடம் காட்டாத மனுசன். கடலில் முள் ஏறினால் தானே பிடுங்கிவிட்டு வருவார். அவரை இந்த அறியாத மனிதன் கழுவித் துடைத்து, பவுடர் போட்டு, சாரம் கட்டிவிட்டார். தொழுகை நேரத்தில் கலீல் நடைபாதை ஓரம் பாயை விரிப்பார். நான் வாங்கில் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டிருப்பேன். மணியை உருட்டினேனே தவிர, ஒரு செபமும் உள்ளே போகவில்லை.

ஒன்பதாம் நாள் பகல் அவருடைய வாப்பா கண்ணை மூடினார். நான் ஒரு ஓரமாய் நின்று அழுதேன். சொந்தக்காரர் வந்து நிறைந்தார்கள். சற்று நேரத்தில் கலீல் தனியாக என்னிடம் வந்தார். கையில் ஒரு பை. பிரிக்காத கையுறைப் பெட்டி, பவுடர், பழைய துணிகள்.

"இது உங்களுக்கு உதவும், அக்கா. இப்ப பார்வை நேரம்தானே, உள்ள வாங்கோ. ஒரு ஆள் தனியா எப்பிடிப் புரட்டுறதெண்டு காட்டித் தாறன். வீட்டுக்குப் போனா நீங்கள் தனியத்தானே செய்யவேணும்."

"தம்பி, உங்கட வாப்பா..."

"வாப்பாவை ஏத்த வான் வர இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு. வாங்கோ."

அவருடைய கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. முழங்காலை மடித்து, ஒரு கையைத் தோளிலும் மற்றக் கையை இடுப்பிலும் வைத்து, நோயாளியின் பாரத்தாலேயே நோயாளியை உருட்டுவது எப்படி என்று காட்டினார். என்னை மூன்று தரம் செய்ய வைத்தார். பிறகு தன் தகப்பனை அடக்கப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. நன்றி என்ற சொல்லைச் சொன்னேனா என்பதும் நினைவில்லை.

என் கணவருக்குப் பேச்சு வந்தது பதினோராம் நாள். ஒரே ஒரு சொல்தான் வந்தது. "சனியன்."

தண்ணி வேணுமா என்று கேட்டால் சனியன். நோகுதா என்றால் சனியன். மகள் பேரக்குழந்தையைத் தூக்கிக் காட்டினாள், அதற்கும் சனியன். இயந்திரம் இழுவைபடும்போதும் வலை சிக்கும்போதும் கடலில் அவர் சொல்கிற சொல் அது. ஒரு நாளும் என்னைச் சொன்னதில்லை. இப்போது என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

வைத்தியர் விளக்கினா. நினைத்துச் சொற்களைக் கோத்துப் பேசுகிற இடம் செத்துவிட்டது. பழக்கத்தில் ஊறிய சொல் மட்டும் மூளையின் வேறு பக்கத்திலிருந்து தானாக வழுகி வரும். அவர் சொல்ல நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறு. எனக்கு விளங்கியது. விளங்கினாலும் வலித்தது.

எங்கள் பங்குத்தந்தை நோயில் பூசுதல் கொடுக்க வந்தார். முப்பது வயதைச் சற்றுத் தாண்டிய இளம் சாமி, ஊருக்கு வந்து ஒரு வருசம்தான். அவரைப் பார்த்தும் என் கணவர், "சனியன்" என்றார். சாமி, "ஓம் அண்ணை, எனக்கும் சில நாள் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு எண்ணெயைத் திறந்தார். பூசி முடித்து அருள் நிறைந்த மரியே செபத்தைத் தொடங்கினபோது, கட்டிலிலிருந்து ஒரு குரல் சேர்ந்தது. கணவர் தானாகச் சொல்கிறார். கொழகொழத்த நாக்கில், முதலிலிருந்து ஆமென் வரைக்கும் முழுச் செபமும்.

வாட்டில் இருந்தவர்கள் எழும்பி வந்தார்கள். புதுமை, அற்புதம் என்றார்கள். மடுமாதாவின் கிருபை என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அதைக் கேட்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். வந்து, செபத்தைத் தொடங்கிக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டுக் கண்ணீர் விட்டு, "சிலுவையைச் சந்தோசமாய்ச் சுமவுங்கோ, அக்கா" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். வைத்தியர் இதற்கும் விளக்கம் சொல்லியிருந்தா, சின்ன வயதிலிருந்து ஆயிரம் முறை சொன்னது அந்தப் பழக்கப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று. என் மனதில் ஓடியதைச் சொல்கிறேன். மாதாவின் பெயர் வருகிறது, முப்பது வருசம் கூட வாழ்ந்தவளின் பெயர் வரவில்லை. மாதாவில் எனக்குப் பொறாமை வந்தது. எழுதக் கை கூசுகிறது, ஆனால் உண்மை.

வீட்டு நாட்களைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் புரட்டவேண்டும். புரட்டாவிட்டால் எலும்பு முட்டுகிற இடத்தில் தோல் செத்துப் புண் வரும். நான் ஒரு முறை அசந்து தூங்கியதில் இடுப்புக்குக் கீழே ஒரு புண் வந்தது, ஆற நாலு மாதம் எடுத்தது. மூக்கால் விட்ட குழாயை எடுத்த பிறகு தடித்த கஞ்சி கொடுக்கச் சொன்னார்கள். நாடியைக் கீழே தாழ்த்தி, கரண்டி கரண்டியாக, ஒவ்வொன்றையும் விழுங்கினாரா என்று பார்த்துப் பார்த்து. ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம். அனுஷா சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வருவாள். ஒரு முறை வந்தவள் என்னை நிலத்தில் இருத்தி, "எத்தினை நாளா அம்மா தலை இழுக்கேல்லை?" என்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. சிக்கு எடுக்க அவளுக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. இடையில் ஒரு இடத்தில் கத்தரிக்கோலால் வெட்டவேண்டி வந்தது. அவள் அழுவதை நான் பார்க்கக்கூடாதென்று பின்னாலேயே இருந்தாள்.

எட்டாம் மாதம் ஒரு மத்தியானம். அன்று காலையிலிருந்து இரண்டு தரம் படுக்கை மாற்றியிருந்தேன். மூன்றாம் தரம் மாற்றி, கஞ்சியோடு வந்து இருந்தேன். முதல் கரண்டியை அவர் என் முகத்தில் துப்பினார். "சனியன்" என்றார்.

நான் அவர் கன்னத்தில் அறைந்தேன்.

சும்மா தட்டவில்லை. அறைந்தேன். உணர்ச்சி இருக்கிற இடது கன்னத்தில். அவர் அழுதார். பாரிசவாதக்காரர் அழும்போது முகத்தின் ஒரு பாதி மட்டும்தான் அழும், மறுபாதி சும்மா இருக்கும். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "ஆண்டவரே, இந்த மனுசனை எடும்" என்று கேட்டேன். அது முதல் தரமல்ல. பல நாளாய்க் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அன்றுதான் வாய்விட்டுக் கேட்டேன்.

அதற்குப் பிறகு ஆறு கிழமை நான் நற்கருணை வாங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, அனுஷா வந்து நின்றதால், சிலுவைப் பாதைக்கு மட்டும் போனேன். ஐந்தாம் தலத்தில் சீமோனைப் பற்றிச் சொல்வார்கள், ஆண்டவருக்குச் சிலுவை தூக்க உதவினவன் என்று. ஐம்பது வருசமாய்க் கேட்ட கதை. அன்றுதான் ஒன்று என் காதில் விழுந்தது. அவன் தானாக வரவில்லை. வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவனைச் சிப்பாய்கள் பிடித்துத் தோளில் ஏற்றினார்கள். அவன் சந்தோசமாய்ச் சுமந்தானென்று ஒருவரும் சொல்லவில்லை. மனதுக்குள் திட்டிக்கொண்டும் போயிருப்பான். ஆனாலும் சிலுவையின் பாரம் அவனால் அவ்வளவு தூரத்துக்குக் குறைந்தது. அன்று சிலுவைப் பாதை முடிந்து எல்லாரும் போன பிறகு பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்றேன்.

அடித்ததைச் சொன்னேன். சாகக் கேட்டதைச் சொன்னேன். அந்த இளம் சாமி, "ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் நித்திரை கொள்ளுறீங்கள், அம்மா?" என்று கேட்டார்.

"ரெண்டு. மூண்டு. ஒரேயடியா இல்லை, ஃபாதர்."

"அவரிட்ட மன்னிப்புக் கேட்டனீங்களோ?"

"அவருக்கு விளங்காது."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் முழங்காலை மாற்றி ஊன்றினேன்.

"முதல் அதைக் கேளுங்கோ. அபராதம் இதுதான். ஒவ்வொரு வியாழக்கிழமையும் பின்னேரம் ரெண்டு மணியிலயிருந்து அஞ்சு மணி மட்டும் நீங்கள் வீட்டில நிக்கக்கூடாது. கோவிலுக்கும் வரக்கூடாது."

"அப்ப அவரை ஆர் பாக்கிறது?"

"நான் வாறன். கரண்டி பிடிக்கப் பழக்கி விடுங்கோ."

வீட்டுக்கு வந்து கட்டிலோரம் இருந்து, "இஞ்சேருங்கோ, உங்களுக்குக் கை நீட்டினது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று இரவு கஞ்சியை வாயில் வாங்கவில்லை. மறுநாளும் வாங்கவில்லை. அனுஷா கொடுத்தால் வாங்கினார், நான் கொடுத்தால் பல்லை இறுக்கினார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த மனுசனுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. இத்தனை மாதமும் விளங்கியிருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அனுஷாவிடம், "இப்பிடிக் கிடக்கிறதுக்குப் போயிடலாம்" என்று நான் சொன்னதும் விளங்கியிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு கேட்டதும் காதில் விழுந்திருக்கும். எங்கள் வீட்டுக் கதவு மெல்லியது.

மூன்று நாள் அப்படி. நாலாம் நாள் காலை கரண்டியைக் கொண்டு போனேன். வாயைத் திறந்தார்.

வியாழக்கிழமைகள் தொடங்கின. சாமி வந்து, அங்கியைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, சேர்ட்டுக் கையை மடித்துக்கொண்டு வேலைக்கு நிற்பார். முதல் வாரம் எனக்குப் போக ஒரு இடமும் தெரியவில்லை. றெயில்வே ஸ்டேசனுக்குப் போய் வாங்கில் இருந்தேன். இருந்தபடியே தூங்கிவிட்டேன். ரயில் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பிறகு பழகிவிட்டேன். சில நாள் கடலோரம் நடப்பேன். சில நாள் ஒரு கடையில் இருந்து பால் விடாத பிளேன்ரி குடிப்பேன், ஒருவருக்கும் ஊட்டாமல், நானே குடிப்பேன். ஐந்து மணிக்கு வீடு திரும்பும்போது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாய் இருக்கும். அந்த ஆசை அதுவரை செத்துக் கிடந்தது.

நெஞ்சுச் சளி இரண்டு முறை வந்தது. விழுங்குகிற தசை பலவீனப்பட்டால் கஞ்சி புரையேறி மூச்சுக் குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கும், அது சுவாசப்பையில் போய்ப் பழுதாகும் என்றார்கள். இரண்டாம் முறை ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது, அடுத்த தரம் தாங்கமாட்டார் என்று அந்த வைத்தியர் என் கையைப் பிடித்துச் சொன்னா.

பதினாலாம் மாதம். ஒரு வியாழக்கிழமை. காலையில் உடம்பு லேசாய்ச் சுட்டது. நான் போகவில்லை என்றேன். சாமி தொட்டுப் பார்த்தார். "பெரிசா இல்லை. போயிட்டு வாங்கோ, நான் இருக்கிறன்தானே" என்றார். போனேன்.

திரும்பி வரும்போது வேலிப் படலையில் ஆட்கள் நின்றார்கள். வாசலில் சாமி நின்றார், கையை மடித்த சேர்ட்டோடு, அழுது முகம் கறுத்துப்போய். நாலே காலுக்கு மூச்சு முட்டினது, ஐந்து நிமிசத்தில் முடிந்துவிட்டது என்றார். ஆள் அனுப்பித் தேடினார்களாம். நான் அன்று வழக்கமான பக்கம் போகாமல் பழைய இறங்குதுறைப் பக்கம் நடந்திருந்தேன்.

"என்னைத் தேடினவரோ, ஃபாதர்?"

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"ஓம், அம்மா. கதவையே பாத்துக்கொண்டிருந்தவர். நான்தான் உங்களைப் போகச் சொன்னனான்."

நான் அடக்கம் முடியும்வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் என் கணவருக்குப் பூசை வைத்தபோது அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. சனம் வேறு கதைத்தது, கடைசி மூச்சுக்கு மனுசி பக்கத்தில் இல்லை என்று. எட்டு மணிக்குக் கோப்பை விழுந்ததைப் போல, நாலே காலும் எனக்குள் ஒரு மணியாய் நின்றுவிட்டது.

முப்பத்தோராம் நாள் செபம் முடிந்து ஆட்கள் போன பிறகு சாமி தனியே வந்தார். இருக்கவில்லை. நின்றபடியே, "மன்னிப்புக் கேக்க வந்தனான்" என்றார். கையைக் கோத்துப் பிடித்திருந்தார். என்னிலும் இருபது வயது இளைய பிள்ளை. எத்தனை பேருக்குப் பாவமன்னிப்புக் கொடுத்த கை.

அந்த முப்பத்தொரு நாளும் நான் யோசித்துத்தான் வைத்திருந்தேன்.

"ஃபாதர், அந்த வியாழக்கிழமையள் இல்லாட்டி நான் அந்தாளைத் திரும்பவும் அடிச்சிருப்பன். எனக்கு என்னைத் தெரியும். அந்த அஞ்சு மாசமும் நான் அவருக்கு மனுசியா இருந்தனான். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

அவர் கதிரையில் இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

என் துக்கம் ஆறிவிட்டதென்று நினைக்கவேண்டாம். கடைசி நேரம் பக்கத்தில் இருக்கவில்லை என்பது ஆறுகிற காரியமில்லை. ஆண்டவர் ஏன் அந்த நாளைத் தெரிந்தெடுத்தார் என்று இன்னும் கேட்கிறேன், பதில் வரவில்லை. ஆனால் செபம் சொல்லும்போது இப்போது வார்த்தை உள்ளே போகிறது. யாரையும் பார்த்துச் சந்தோசமாய்ச் சுமவுங்கள் என்று நான் சொல்வதில்லை.

தியானத்துக்கு வந்திருந்த பெண்களில் செல்வராணியும் ஒருத்தி. அவளுடைய மாமிக்கு ஞாபகம் போய்விட்டது. கண்ட நேரம் எழும்பிக் கடற்கரைக்கு நடந்துவிடுவா. செல்வராணி இரண்டு வருசமாய் மாமியை விட்டுவிட்டுப் படலைக்கு வெளியே போனதில்லை, தியானத்துக்கும் மாமியைக் கூட்டிக்கொண்டுதான் வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். மாமியின் கையில் ஒரு நகக்கீறல் காயம் இருந்ததை நான் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன்.

"நீங்கள் வெளிக்கிடுங்கோ. நான் அஞ்சு மணி மட்டும் இருக்கிறன்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். சீலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"அக்கா, நான் இல்லாத நேரம் மாமிக்கு ஏதும் நடந்தா?"

நடக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நடக்கலாம்," என்றேன். "போயிட்டு வாங்கோ."